செல்லுக்குள் போகும் சேதி

ஒரு நியூரான் இன்னொரு நியூரானோடு பேசுவதை மின்சாரமாக அளந்து பார்ப்பது எங்கள் தொழில். எலியின் மூளையை 300 மைக்ரான் தடிமனுக்குச் சீவி, ஆக்சிஜன் குமிழியிடும் உப்புக்கரைசலில் அதை உயிரோடு வைத்து, ஒரே ஒரு செல்லின் சவ்வில் கண்ணாடிக் குழாயின் நுனியை ஒட்டி, பிக்கோஆம்பியர் கணக்கில் ஓடும் மின்னோட்டத்தைப் பதிவு செய்கிறோம். பேட்ச் கிளாம்ப் என்ற இந்த முறையை 1976இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் தொடங்கிவைத்தார்கள். 1991இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெங்களூரின் ஆய்வுக்கூடங்களிலும் உலகில் வேறெங்கும் இன்று அதே முறைதான்.

இந்த வேலை கைக்கு வந்தவர்களிடம் ஒரு பழக்கம் ஊறிவிடும். சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும் மின்னோட்டத்தைத்தான் சேதி என்று எடுத்துக்கொள்வோம். மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவதைக் கண்டால் எலக்ட்ரோடு நகர்ந்துவிட்டது, செல் களைத்துவிட்டது என்று ஒதுக்கிவிடுவோம். நான் இந்தத் தொழிலில் இத்தனை காலம் தங்கியதே அந்த ஒதுக்கப்பட்ட மெதுவான பகுதிக்காகத்தான். குளூட்டமேட் ஒரு செல்லைத் தொட்டபின் அந்தச் செல்லுக்குள் என்னென்ன ரசாயன வேலைகள் தொடங்குகின்றன என்பதே எனக்குப் பெரிய கேள்வி. முதல் மில்லிசெகண்டில் வரும் மின்னோட்டம் அந்தக் கதையின் முதல் வரி மட்டுமே.

குளூட்டமேட் என்றதும் உறவினர் வீட்டு விசேஷங்களில் அஜினோமோட்டோ பற்றிக் கேட்பார்கள். ஆம், அதே பொருள்தான். 1908இல் கிகுனே இக்கேடா கடற்பாசிக் குழம்பின் சுவைக்குக் காரணம் இதுதான் என்று பிரித்தெடுத்துக் காட்டினார். ஆனால் சாப்பிடும் குளூட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடலே எரித்துத் தீர்த்துவிடுகிறது. மிச்சத்தையும் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு எளிதில் விடுவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

அது தூதுப்பொருள் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டதற்குப் பின்னால் நீண்ட தயக்கம் இருந்தது. 1950களில் ஜப்பானில் ஹயாஷி நாயின் மூளைப்புறணியில் அதைச் செலுத்தியபோது வலிப்பு வந்தது. 1959இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் கர்டிஸ், ஃபிலிஸ், வாட்கின்ஸ் மூவரும் பூனையின் தண்டுவட நியூரான்களின் மேல் அதைத் தெளித்தார்கள், நியூரான்கள் துள்ளின. எந்த நியூரானில் வைத்தாலும் துள்ளியதால், இது உண்மையான தூதுப்பொருளாக இருக்குமா என்று அவர்களுக்கே சந்தேகம். எல்லோரையும் ஒரே மாதிரி எழுப்பும் ஒன்று எப்படிக் குறிப்பான சேதியைச் சொல்லும்? நல்ல கேள்வி அது. விடை குளூட்டமேட்டில் இல்லை, அதைப் பிடிக்கும் ஏற்பிகளிலும் அந்த ஏற்பிகளுக்குப் பின்னால் செல்லுக்குள் இருக்கும் ஏற்பாட்டிலும் இருக்கிறது என்பது தெரிய முப்பது வருடம் ஆயிற்று.

ஏற்பிகளில் ஒருவகை தானே அயனிக் கால்வாயாகவும் இருக்கும். குளூட்டமேட் வந்து ஒட்டியதும் திறந்துகொள்ளும். ஆம்பா ஏற்பி இப்படித்தான். திறந்து மூடச் சில மில்லிசெகண்ட் போதும். என்எம்டிஏ ஏற்பியும் கால்வாய்தான், ஆனால் அதன் வாயில் ஒரு மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருக்கும். செல் ஏற்கெனவே கொஞ்சம் கிளர்ந்திருந்தால்தான் அந்த அடைப்பு விலகும். 1984இல் பாரிஸிலும் அமெரிக்காவிலும் இரு குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டன. அடைப்பு விலகியதும் உள்ளே நுழைவது கால்சியம். ஓய்விலிருக்கும் நியூரானுக்குள் கால்சியத்தின் அளவு சுமார் 100 நானோமோலார். வெளியே அதைவிட 10,000 மடங்குக்கும் மேல். ஆகவே சிறிது உள்ளே வந்தாலே செல்லுக்கு அது பெரிய அறிவிப்பு. அதைப் படிக்க காம்கைனேஸ்-2 என்ற நொதி காத்திருக்கிறது. 12 அலகுகள் கொண்ட இந்த நொதி, கால்சியம் வந்தால் தன் அலகுகளுக்குத் தானே பாஸ்பேட் போட்டுக்கொள்ளும். அதன்பின் கால்சியம் வடிந்தாலும் கொஞ்ச காலம் விழித்தேயிருக்கும். அதே கால்சியம் குறைவாகவும் நீண்ட நேரமும் வந்தாலோ, பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகள் முந்திக்கொள்ளும். அப்போது இணைப்பு பலப்படாமல் தளர்கிறது. ஒரே அயனி, ஒரே வாசல், வரும் அளவையும் வேகத்தையும் பொறுத்து எதிரெதிர் முடிவுகள்.

இன்னொரு வகை ஏற்பியில் கால்வாயே கிடையாது. 1985இல் பிரான்சின் மோன்பெல்லியேயில் ஸ்லாடெசெக், பொக்கேர் ஆகியோரின் குழு, தட்டில் வளர்த்த நியூரான்களுக்குக் குளூட்டமேட் கொடுத்தபோது செல்லுக்குள் இனோசிட்டால் பாஸ்பேட்டுகள் கூடுவதைப் பார்த்தது. கால்வாய் திறப்பதைக் கொண்டு அதை விளக்க முடியவில்லை. 1987இல் ஜப்பானில் சுகியாமாவின் குழு எலியின் மூளையிலிருந்து எடுத்த ஆர்என்ஏவைத் தவளை முட்டைக்குள் செலுத்தி, இது முற்றிலும் வேறான ஏற்பி என்று காட்டியது. 1991இல் கியோட்டோவில் நகானிஷியின் குழு அதன் மரபணுவையே பிடித்துவிட்டது. சவ்வை ஏழுமுறை ஊடுருவும் புரதம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய பகுதியில் குளூட்டமேட் ஒட்டும். உள்ளே ஜி-புரதம் தட்டிவிடப்படும். எம்குளூஆர் எனப்படும் இந்த ஏற்பியில் இன்று எட்டு வகை தெரியும், மூன்று கூட்டங்களாகப் பிரித்திருக்கிறோம். முதல் கூட்டத்தில் 1, 5. இவை பாஸ்போலைப்பேஸ்-சி என்ற நொதியைக் கிளப்பி, ஐபி3 என்ற சிறு மூலக்கூறை உண்டாக்குகின்றன. ஐபி3 செல்லின் உட்கிடங்கிலிருந்து கால்சியத்தைத் திறந்துவிடும். மற்ற ஆறும் பெரும்பாலும் எதிர்த்திசை: சைக்ளிக் ஏஎம்பி என்ற இன்னொரு சிறு மூலக்கூறு தயாராவதைக் குறைக்கும்.

பாடப்புத்தகத்தில் இதை ஒரு பக்கப் படத்தில் அம்புக்குறி போட்டு முடித்துவிடலாம். ரிக் என்று நாங்கள் சொல்லும் பதிவுக் கருவியின் முன்னால் உட்கார்ந்தால் அப்படி முடியாது.

ஹோல்-செல் பதிவில் சவ்வைத் துளைத்ததும் குழாயிலிருக்கும் கரைசலும் செல்லின் உட்புறமும் ஒன்றாகக் கலந்துவிடும். பிரமிடு நியூரானின் உடற்பகுதி சில பிக்கோலிட்டர் இருந்தால் அதிகம். குழாயில் நாங்கள் நிரப்புவது சில மைக்ரோலிட்டர். ஒரு செம்பு ரசத்தை ஏரியில் கவிழ்த்தால் ரசத்துக்கு என்ன ஆகுமோ அதுதான் செல்லின் உள்ளிருப்புக்கும் நேர்கிறது. ஆம்பா மின்னோட்டத்தை அளப்பவருக்கு இது பொருட்டில்லை. கால்வாய் சவ்விலேயே இருக்கிறது, உள்ளே என்ன கரைந்து போனாலும் திறந்து மூடும். என்னைப் போன்றவர்களுக்கோ நாங்கள் பார்க்க வந்த பொருளே கரைந்து வெளியேறுகிறது.

திருநெல்வேலியிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த தம்பி ஒருவன் ஒருநாள் மாலை கேட்டான்: "அக்கா, சீல் நல்லாத்தான் இருக்கு. ரெஸ்டிங் மைனஸ் 68ல நிக்குது. மொத தடவை டிஹெச்பிஜி போட்டப்ப அழகா ரெஸ்பான்ஸ் வந்துச்சு. ரெண்டாவது தடவை பாதிதான். இப்ப ஒண்ணுமே இல்ல. செல் போயிடுச்சா?"

டிஹெச்பிஜி என்பது முதல் கூட்டத்து ஏற்பிகளை மட்டும் தட்டும் மருந்து. செல் போகவில்லை என்று திரையே சொல்லிக்கொண்டிருந்தது. "இன்டர்னல்ல ஜிடிபி இருக்காடா?" என்று கேட்டேன்.

ஜி-புரதம் வேலை செய்ய ஜிடிபி வேண்டும். ஏற்பி தட்டியதும் ஜி-புரதம் தன்னிடமிருக்கும் ஜிடிபி-யின் பழைய வடிவத்தை, அதாவது ஜிடிபி-க்கு ஒரு பாஸ்பேட் குறைந்ததை, உதறிவிட்டுப் புதிதாக ஒரு ஜிடிபியைப் பிடிக்கும். அந்த மாற்றந்தான் சேதி. செல்லிலிருக்கும் சொந்த ஜிடிபி கரைந்துபோனால் ஏற்பி எத்தனை முறை தட்டினாலும் கேட்க ஆளில்லை. ஆகவே உட்கரைசலில் 0.3 மில்லிமோலார் ஜிடிபி, 4 மில்லிமோலார் ஏடிபி சேர்ப்பது வழக்கம். எடை போட்டுச் சேர்த்தால் மட்டும் போதாது. இவை அறை வெப்பத்தில் சிதையும். சிறு குப்பிகளில் பிரித்து உறைநிலையில் வைத்து, அன்றன்றைக்கு ஒன்றை எடுத்து, பதிவு முடியும்வரை அந்த ஊசியை ஐஸில் படுக்கவைக்க வேண்டும். மேசை விளக்கின் அடியில் மத்தியானம் முழுக்கக் கிடந்த ஊசியிலிருந்து நிரப்பிய குழாய் அழகான சீல் தரும், அழகான ஆம்பா மின்னோட்டமும் தரும்; மெதுவான சேதி மட்டும் வராது. அந்தத் தம்பி ஐஸ் டப்பாவோடு திரும்பி வந்தான்.

கால்சியத்தைப் பிடித்துவைக்கும் இஜிடிஏ என்ற பொருளிலும் இதே கவனம் வேண்டும். செல்லை அமைதியாக வைக்க 10 மில்லிமோலார் போடுகிறவர்கள் உண்டு. அவ்வளவு போட்டால் கிடங்கிலிருந்து வரும் கால்சியத்தைப் பிறந்த இடத்திலேயே அமுக்கிவிடும். நான் 0.2க்கு மேல் போக விடுவதில்லை. சில கேள்விகளுக்கு அதுவும் போதாது. அப்போது சவ்வைத் துளைக்காமல் ஆம்ஃபோடெரிசின் கொண்டு நுண்துளைகள் மட்டும் போடுகிறோம். சிறு அயனிகள் போய்வரும், ஜிடிபியும் புரதங்களும் உள்ளேயே தங்கும். அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும், மின்தடையும் கூடுதல். பொறுமையில்லாதவர்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். செல்லின் உட்புறத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் முதலில் அந்த உட்புறத்தை அதனிடமே விட்டுவைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லி வருகிறேன்.

கால்சியத்தைக் கண்ணால் பார்க்க வழி செய்தவர்களில் முதன்மையானவர் ரோஜர் சியென். அவர் புலம்பெயர்ந்தோர் குடும்பத்தின் அமெரிக்கர் என்று மாணவர்களிடம் அவரைப் பற்றிப் பேச்சைத் தொடங்குவேன். 1985இல் அவர் குழு தந்த ஃபுரா-2 என்ற சாயம் இந்தத் துறையின் முகத்தையே மாற்றியது. நாங்கள் இப்போது அதிகம் எடுப்பது ஃப்ளுவோ-4. நீல ஒளியில் குளித்தால் கால்சியம் இருக்கும் இடத்தில் பச்சையாக ஒளிரும்.

ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் சிஏ1 வட்டாரத்தில் ஒரு நியூரானைச் சாயம் நிரப்பி, ஆம்பா, என்எம்டிஏ ஏற்பிகள் இரண்டையும் மருந்தால் அடைத்துவிட்டு, அதற்கு வரும் நரம்பிழைகளை நொடிக்கு 100 துடிப்பு என்ற வேகத்தில் சிறிது நேரம் தூண்டினால் நடப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் ஒன்றுமில்லை. தூண்டல் முடிந்தும் ஒன்றுமில்லை. புதிதாகப் பார்க்கிறவர் கையைப் பதிவை நிறுத்தும் பொத்தானுக்குக் கொண்டுபோய்விடுவார். அப்போது உச்சிக் கிளையின் தடித்த பகுதியில், பெரும்பாலும் பக்கக்கிளை பிரியும் இடத்தில், ஒரு புள்ளி வெளுக்கும். அது இருபக்கமும் நீளும். உடற்பகுதியை நோக்கி ஊர்ந்து வரும். சில சமயம் கருவைச் சுற்றி நிரம்பும். வாசல்கள் எல்லாம் அடைத்திருக்க, வெளியிலிருந்து ஒரு அயனியும் இந்த வழியாக வரவில்லை. இது முழுக்க உட்கிடங்கின் கால்சியம். குழாயில் ஹெப்பாரின் சேர்த்தால் ஐபி3 ஏற்பி அடைபட்டு அலை நின்றுவிடும். சைக்ளோபியாசோனிக் அமிலம் கொடுத்துக் கிடங்கைக் காலி செய்தாலும் நின்றுவிடும். அலை வராத செல்லுக்கு முதலில் சில துடிப்புகள் கொடுத்துக் கிடங்கை நிரப்பிவிட்டால், அடுத்த தடவை வரும். இந்த ஒன்றைப் பார்த்தபின் நியூரானை வெறும் மின்கம்பியாக என்னால் நினைக்க முடிந்ததில்லை. சற்றுமுன் என்ன நடந்தது என்பதைத் தன் கிடங்கில் வைத்துக்கொண்டு, அதைப் பொறுத்து அடுத்த சேதிக்குப் பதில் சொல்கிறது அது.

ஒற்றைத் துடிப்புக்கு ஏன் இந்தப் பதில் வருவதில்லை? ஏற்பி உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி. 1993இல் ஆக்ஸ்ஃபர்டில் ஷோமோஜியின் குழு, தங்கத் துகள் ஒட்டிய எதிர்ப்புரதங்களைக் கொண்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தது. ஆம்பா ஏற்பிகள் நியூரான்களின் இணைப்பான சைனாப்ஸின் நடுவே நிற்க, எம்குளூஆர்1 அதன் ஓரத்தைச் சுற்றி வளையமாக நின்றது. ஒரு துடிப்பில் வெளிவரும் குளூட்டமேட் சைனாப்ஸின் இடைவெளியில் ஒரு மில்லிமோலாரை எட்டி, ஒரு மில்லிசெகண்டில் வடிந்துவிடும். ஓரத்தில் கிளியா செல்களின் கடத்திப் புரதங்கள் அள்ளிக்கொள்ளும். தொடர்ந்து பல துடிப்புகள் வந்தால்தான் அது ஓரம்வரை வழியும். விடாமல் சொல்லப்படும் சேதி மட்டுமே உள்ளே போகிறது. கடத்திகளைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் சிறு தூண்டலுக்கே மெதுவான பதில் பெருகுவதைச் சீவலில் நேராகப் பார்க்கலாம்.

இதே குளூட்டமேட் விழித்திரையில் அடக்கும் சேதியாகிவிடுகிறது. இருட்டில் ஒளியுணர் செல்கள் குளூட்டமேட்டைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அடுத்திருக்கும் ஆன்-பைபோலார் செல்லில் இருப்பது எம்குளூஆர்6. அது தட்டப்பட்டுக்கொண்டிருக்கும்வரை ஜி-புரதத்தின் வழியே டிஆர்பிஎம்1 என்ற கால்வாயை மூடிவைக்கும். வெளிச்சம் பட்டால் குளூட்டமேட் குறையும், கால்வாய் திறக்கும், செல் கிளரும். இந்த ஏற்பியின் மரபணுவிலோ அந்தக் கால்வாயின் மரபணுவிலோ பழுது இருந்தால் பிறவியிலேயே மாலைக்கண் வரும். கான்பெராக்காரர்களின் சந்தேகத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

மருந்தின் பக்கம் வரும்போது என் மனம் கனக்கிறது. எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் எஃப்எம்ஆர்1 மரபணுவில் சிஜிஜி என்ற எழுத்துக்கூட்டு 200 முறைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்துவிட்டால், அந்த மரபணு மௌனமாகிவிடும். ஃப்ரெஜைல் எக்ஸ் என்ற அறிவுவளர்ச்சிக் குறைபாட்டுக்கு இது காரணம் என்று 1991இல் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு செய்யும் புரதத்தின் வேலை, மற்ற புரதங்கள் தயாராவதைக் கட்டுக்குள் வைப்பது. எம்குளூஆர்5 தட்டப்பட்டாலோ, டெண்ட்ரைட்டின் கிளைகளிலேயே புதுப் புரதங்கள் தயாராகும். ஹிப்போகாம்பஸில் இணைப்புகள் நீண்ட நேரம் தளர்வது அதனால்தான். 2002இல் கிம்பர்லி ஹூபரும் மார்க் பேரும் மற்றவர்களும் அந்த மரபணு இல்லாத எலிகளில் இந்தத் தளர்வு மிகையாக இருப்பதைக் காட்டினார்கள். கடிவாளம் இல்லாததால் சேதி அளவுமீறுகிறது. ஆகவே எம்குளூஆர்5ஐ அடக்கினால் குணமாகும் என்று 2004இல் ஒரு கோட்பாடு உருவானது. எலிகளில் பல குறைகள் சீரடைந்தன. மனிதர்களில் மாவோகுளூரன்ட், பாசிம்குளூரன்ட் என்ற இரு மருந்துகளும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. 2014இல் இரு நிறுவனங்களும் அந்த முயற்சிகளைக் கைவிட்டன. மனச்சிதைவு நோய்க்கு இரண்டாம் கூட்டத்து ஏற்பிகளைத் தட்டும் மருந்து 2007இல் நம்பிக்கை தந்து, 2012இல் நின்றுபோனதும் இப்படித்தான்.

இந்தக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் கூடிய கூட்டம் ஒன்றில் பேசக் கூப்பிட்டார்கள். ஒரு தாய் எழுந்து, "எலிக்கு சரியானது எம்புள்ளைக்கு ஏம்மா சரியாகல?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்னது எங்கள் ஊர் ஆய்வில் வந்த ஒரு விஷயத்தைத்தான். 2010இல் பெங்களூர் என்சிபிஎஸ்ஸில் சுமந்திர சட்டர்ஜியின் குழு அதே வகை எலிகளின் அமிக்டலாவைப் பார்த்தது. அச்சமும் உணர்ச்சியும் சார்ந்த பகுதி அது. ஹிப்போகாம்பஸில் மிகையாக இருந்த எம்குளூஆர் சேதி இங்கே மிகையாக இல்லை. அதைச் சார்ந்து இணைப்பு பலப்பட வேண்டிய செயல் குன்றியிருந்தது. எம்குளூஆர்5ஐ அடக்கும் மருந்து அங்கே சில குறைகளைச் சரிசெய்தது, பலப்படும் செயலை மீட்கவில்லை. ஒரே மரபணு, ஒரே ஏற்பி, ஒரே மூளை; இரண்டு பகுதிகளில் உட்புற ஏற்பாடு வேறு. மூளை முழுவதையும் ஒரே மருந்தில் முக்கும்போது ஓரிடத்தில் வேண்டியது இன்னோரிடத்தில் வேண்டாததாகலாம். இதுதான் அந்த மருந்துகள் தோற்ற காரணம் என்று நிரூபணமாகவில்லை, ஆனால் இதைக் கணக்கில் எடுக்காமல் அடுத்த மருந்துக்குப் போகக்கூடாது என்று அவரிடம் சொன்னேன். "அப்ப ரெண்டு எடத்தையும் தனித்தனியா பாருங்க" என்றார்.

அதைத்தான் பார்க்கிறோம். சைக்ளிக் ஏஎம்பி கூடினால் ஒளியின் நிறம் மாறும்படி செய்த புரத உணரிகளை வைரஸ் மூலம் எலியின் செல்களிலேயே உண்டாக்கிவிடலாம். சவ்வைத் துளைக்க வேண்டியதில்லை, எதுவும் கரைந்து போவதில்லை. ஒரே விலங்கின் ஹிப்போகாம்பஸ், அமிக்டலா இரண்டிலிருந்தும் சீவல் எடுத்து, 32 டிகிரியில் வைத்து, ஒரே டிஹெச்பிஜி கரைசலை இரண்டின் மேலும் ஓடவிட்டு, கால்சியம் எவ்வளவு நேரம் நிற்கிறது, சைக்ளிக் ஏஎம்பி எப்போது அசைகிறது, புதுப் புரதம் தயாராவதைத் தடுத்தால் எது மாறுகிறது என்று வரிசையாக அளக்கிறோம். நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு எடுக்கும் ஒவ்வொரு மூளையிலிருந்தும் முடிந்த அளவு அறிந்துகொள்ள வேண்டிய கடமையும் இருக்கிறது. அதனால் மிஞ்சும் சீவல்கள் பக்கத்து அறையில் புரத அளவீட்டுக்குப் போகின்றன. சாதாரண எலிகளின் வரிசை பாதி முடிந்திருக்கிறது. எஃப்எம்ஆர்1 இல்லாத எலிகள் அடுத்த மாதம் உரிய வயதை எட்டும்.